ஏக்கர் கணக்கில் அடங்காத ஊர்கள்

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் கில்பர்ட் சிலேட்டர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போன வரலாற்றை எழுதியவர். குடியானவன் நிலத்தை இழந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் பழகிய கேள்வி. ஆனால் தென்னிந்தியக் கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உருப்படியான நூல் எதுவும் அவர் கையில் இல்லை. ஆகவே மாணவர்களையே எழுத வைத்தார். விரிவான வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஊருக்குப் போகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த கிராமத்தைக் கணக்கெடுத்து வரட்டும் என்று அனுப்பினார். எத்தனை வீடு, எத்தனை தலை, எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, யாருக்கு எவ்வளவு கடன். 1916-இல் நடந்த அந்த வேலை 1918-இல் நூலாக வந்தது.

அதிலிருந்த ஊர்களில் இன்றைய தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஐந்தை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பத் தேடிப் போயிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இருவேல்பட்டு. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டினால் வரும் தூசி. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடையில் பாலக்குறிச்சி. திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றங்கரையில் கங்கைகொண்டான். சிவகாசிப் பக்கம் கரிசல்காட்டில் வடமலாபுரம். 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இவற்றை மறு ஆய்வு செய்தார்கள். அது 1940-இல் வெளியானது. 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் எழுதினார். 1980-களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மறுபடியும் ஆட்களை அனுப்பியது: இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்சரும், தெற்கத்தி ஊர்கள் இரண்டுக்கும் வெங்கடேஷ் ஆத்ரேயா. இந்த நூற்றாண்டில் பாலக்குறிச்சிக்கு வி. சுர்ஜித் போனார். 2008-இல் இருவேல்பட்டை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் ஆராய்ந்தார்கள்.

ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டாக இத்தனை பேர் எண்ணிப் பார்த்தது உலகத்திலேயே அரிது. எண்ணியவர்கள் எல்லோருக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான். ஆட்கள் பெருகுகிறார்கள், நிலம் பெருகவில்லை. இவர்கள் எப்படிச் சாப்பிடப்போகிறார்கள்? அந்தக் கேள்விக்கு ஊர்கள் சொன்ன பதில், கேட்டவர்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை என்பதே இந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது.

அந்தக் காலத்து அச்சத்தின் உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் புனே பக்கம் போக வேண்டும். சிலேட்டரின் மாணவர்கள் இங்கே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஹரால்ட் மான் என்ற வேளாண் அறிஞர் பிம்ப்ளே சௌதாகர் என்ற தக்காணத்துக் கிராமத்தை ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார். அவர் கண்டெடுத்த எண் அதன்பின் எல்லாப் பாடநூல்களிலும் ஏறியது: 1771-இல் அந்த ஊரில் சராசரி உடைமை 40 ஏக்கர், 1914-15-இல் 7 ஏக்கர். பாகப்பிரிவினை, மறுபடியும் பாகப்பிரிவினை, கடைசியில் வரப்புதான் மிச்சம் என்ற முடிவுக்கு அந்த எண்ணைப் பார்த்த யாரும் வந்துவிடுவார்கள். இன்று பிம்ப்ளே சௌதாகர், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் இருக்கிறது. கணினி நிறுவன ஊழியர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் பகுதி. அங்கே இப்போது ஏக்கரை யாரும் கேட்பதில்லை, சதுர அடியைத்தான் கேட்கிறார்கள். எல்லா ஊருக்கும் இந்த விதி வாய்க்காது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டும் முடிவு தவறாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மக்கள்தொகையை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில்தான் அச்சத்தின் பாதி இருந்தது. சிலேட்டர் பார்த்த கிராமம் நிறையப் பெற்று நிறையச் சாகக் கொடுத்த கிராமம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நேரில் கண்ட கிழவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவருடைய நூல் வெளியான 1918-ஆம் ஆண்டே இன்புளூயன்சா வந்தது. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியாவின் மக்கள்தொகை கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைந்தது. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901-இல் 1.92 கோடிப் பேர், 1951-இல் 3.01 கோடி, 2011-இல் 7.21 கோடி. முதல் ஐம்பது ஆண்டில் கூடியது ஒரு கோடிச் சொச்சம்; அடுத்த அறுபதில் நான்கு கோடிக்கு மேல். அம்மை, காலரா, மலேரியா அடங்கியதும் சாவு குறைந்தது, பிறப்பு குறையவில்லை. 1960-களில் மறு ஆய்வுக்குப் போனவர்கள் பார்த்தது இந்த ஏறுமுகத்தின் உச்சத்தை.

அதன்பிறகு நடந்ததை அவர்களில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1971-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 குழந்தை; 2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. இந்தச் சரிவின் பெரும்பகுதி ஊர் இன்னும் வயலை நம்பியிருந்தபோதே நடந்துவிட்டது. தொழில் பெருகி, வருமானம் கூடி, அப்புறம்தான் குடும்பம் சுருங்கும் என்று ஐரோப்பாவை வைத்து எழுதப்பட்ட வரிசை இங்கே தலைகீழானது. காரணம் என்ன என்பதில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. சுயமரியாதை இயக்கம் என்பார்கள், கருத்தடை முகாம் என்பார்கள், சத்துணவு, டவுன் பஸ், சினிமா என்றும் சொல்வார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட இரண்டு ஆட்களைச் சொல்லத் தோன்றுகிறது: துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா, எட்டாம் வகுப்பு தாண்டிய பெண்பிள்ளை. முதலாமவர் பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தார். இரண்டாமவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். 2001-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3.49 கோடிப் பேர், 2011-இல் 3.72 கோடி. பத்தாண்டில் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடியதைப் பெருக்கம் என்றே சொல்ல முடியாது.

ஆனால் தலைக்கணக்கு மட்டும் பிழைப்பை விளக்காது. 1916-இன் இருவேல்பட்டில் யார் எதைத் தின்றார்கள் என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை, யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்பது தீர்மானித்தது. பெருநிலம் ஒரு ரெட்டியார் குடும்பத்திடம். உழைப்பு பெரும்பாலும் சேரியிலிருந்து. இடையில் வன்னியக் குடியானவர்கள். வேலைக்காரர்களில் முக்கியமானவர் படியாள்: கல்யாணத்துக்கோ சாவுக்கோ முன்பணம் வாங்கி, அது தீரும்வரை ஒரே பண்ணைக்கு உழைக்கக் கடமைப்பட்டவர், கூலியைத் தானியமாக அளந்து வாங்குபவர். கடன் தீர்வது அபூர்வம். இந்த ஏற்பாட்டின் ஆணிவேர் முன்பணம் என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். என் வாசிப்பில் அதைவிட ஆழமான வேர் குடியிருப்பு மனை. குடிசை நின்ற மண் கூலிக்காரருடையதல்ல. எதிர்த்துப் பேசினால் மறுநாள் அடுப்பு வைக்க இடமில்லை. ஏக்கர்களை எண்ணிய வினாப்பட்டியலில் இந்த இரண்டு சென்ட் நிலத்தின் கனம் பதிவாகவில்லை.

பதிவாகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1916-இல் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. சேரியைப் பற்றி அவர்கள் திரட்டிய செய்தி பெரும்பாலும் ஊர்த் தெருத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட செய்தி. சோம்பல், ஊதாரித்தனம், கள் என்று கூலிக்காரரின் ஏழ்மைக்குக் காரணம் சொல்லும் அந்தக் காலத்து மேல்தட்டுக் குரல் இப்படித்தான் ஆய்வுக்குள் வந்து சேர்கிறது. சிலேட்டர் அந்த மாணவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தவர் என்பேன். ஆனாலும் அவருக்குத் தகவல் வந்த வாய்க்கால் அதுதான்.

அன்றைய கிராமம் தனக்குள் மூடிக்கொண்டிருந்த ஒன்று என்ற எண்ணத்தை இங்கேயே கழற்றி வைக்க வேண்டும். கிராமம் ஒரு குட்டிக் குடியரசு, தன் தேவையைத் தானே தீர்த்துக்கொள்வது என்று கும்பினிக் காலத்து அதிகாரிகள் தொடங்கி வைத்த கதை நெடுநாள் ஓடியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், தென்னார்க்காடு, தஞ்சைப் பக்கங்களிலிருந்து மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கங்காணி பின்னால் போனவர்கள் இந்த ஊர்க்காரர்களைப் போன்றவர்கள்தான். ஊரில் கடன் ஏறியவருக்கும், பண்ணையோடு முட்டிக்கொண்டவருக்கும் அக்கரைச் சீமை ஒரு வாசல். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அந்த வாசல் அடைத்தது. ரப்பர் விலை விழுந்து மலாயாவிலிருந்து ஆட்கள் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் உதவியுடன் கூடிய குடியேற்றமே நிறுத்தப்பட்டது. இங்கே நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. விலை நல்லபோது வாங்கிய கடன், விலை போனபிறகு இரட்டிப்புப் பாரமானது. தாமஸும் ராமகிருஷ்ணனும் 1936-37-இல் பார்த்தது அப்படி மூச்சுத்திணறிக்கொண்டிருந்த ஊர்களை. ராஜாஜி அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்ததன் பின்னணியும் அதுதான். பிழைப்புக்காக வெளியே போவது நம் காலத்துப் புது வழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வை எடுத்துப் பார்க்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலத்தைக் கொண்டே நிலப் பிரச்சினையைத் தீர்க்க முயன்றார்கள். 1961-இல் 30 தரநிலை ஏக்கர் என்ற உச்சவரம்பு, 1970-இல் 15 ஆனது. காகிதத்தில் பெரிய விஷயம். பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைகளிலும் மாந்தோப்புகளிலும் கரைந்துபோனது. அதைவிடச் சத்தமில்லாமல் வந்த ஒரு சட்டம் அதிகம் சாதித்தது என்று நினைக்கிறேன்: 1971-இன் குடியிருப்பு உடைமைச் சட்டம். விவசாயத் தொழிலாளி குடிசை போட்டிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கியது அது. அதோடு காலனி வீடு, தெருவிளக்கு, கைபம்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வயலில் ஒரு சென்ட்கூடக் கிடைக்காத குடும்பத்துக்கு வீட்டடியில் இரண்டு சென்ட் கிடைத்தது. அதிகாரத்தின் கணக்கு அங்கிருந்துதான் மாறத் தொடங்கியது.

வயலில் நடந்த மாற்றம் வேறு திசையில் போனது. 1960-களின் கடைசியில் ஒட்டுரக நெல், உரம், மின்மோட்டார். 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இருவேல்பட்டுப் பக்கம் மலட்டாற்றை நம்பியிருந்த நிலங்களில் கிணறும் ஆழ்துளையும் வந்தன. பெரியசெவலையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தபிறகு கரும்பு பரவியது. குகனும் மென்சரும் 1981-இல் பார்த்தபோது விளைச்சல் பலமடங்கு ஏறியிருந்தது, ஆனால் நிலமும் ஊர்ச் செல்வாக்கும் பெரிதும் பழைய கைகளிலேயே இருந்தன. குகன் தமிழ்நாட்டு நிதித்துறைச் செயலராக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அரசாங்கம் என்ன செய்ய முடியும், எங்கே கைவிரிக்கும் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும். கீழ்த்தட்டு மக்களின் வாழ்க்கையில் அரசுத் திட்டங்கள் எவ்வளவு தூரம் போய்ச் சேர்கின்றன என்பதை அளக்கும் பழக்கத்தை இந்த ஊர் ஆய்வுகளுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

பாலக்குறிச்சியின் கதை காவிரிக் கடைமடையின் கதை. மிராசுதார் ஒரு பக்கம், பண்ணையாள் மறுபக்கம், இடையில் செங்கொடி. 1952-இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போராடிப் பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு, அதே வட்டாரத்தின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கிழக்குத் தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மற்ற நான்கு ஊர்களிலும் மெல்ல மெல்ல உதிர்ந்த ஒன்றை இங்கே இரத்தம் சிந்திப் பிடுங்க வேண்டியிருந்தது. ஆனால் கூலி வென்ற இடத்தில் தண்ணீர் தோற்றது. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளில் கடைமடையில் குறுவை இல்லை, வேலையும் இல்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு ரயில் ஏறும் இளைஞருக்குப் பாட்டன் நடத்திய கூலிப் போராட்டம் வீட்டில் கேட்ட கதையாக மட்டும் இருக்கிறது.

வடமலாபுரத்தில் வானம் பார்த்த பூமி. அங்கே வயலுக்கு வெளியே பிழைப்பு மிக முன்னதாகவே வந்துவிட்டது. 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிவைத்தது, சுற்றுவட்டாரக் கரிசல் கிராமங்களின் பெண்களையும் பிள்ளைகளையும் தீக்குச்சி அடுக்க வைத்தது. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி 1980-களில் நாடறிந்த அவலம். விவசாயத்தை விட்டு வெளியேறுவதே விடுதலை என்று எழுதுபவர்கள் இந்த ஊரை மறந்துவிடுகிறார்கள். வெளிவேலை எந்த மாதிரி வேலை, அதை யார் செய்கிறார்கள் என்பதைக் கேட்காத புள்ளிவிவரத்தில் தீப்பெட்டி ஒட்டிய எட்டு வயதுப் பெண்ணும் முன்னேற்றத்தின் கணக்கிலேயே சேர்கிறாள்.

தூசியும் கங்கைகொண்டானும் வேறொரு வழியில் போயின. தூசியில் அக்ரகாரத்துக் குடும்பங்கள் படிப்பையும் உத்தியோகத்தையும் பின்தொடர்ந்து நகரத்துக்குப் போகப்போக நிலம் உழுதவர்கள் பக்கம் கைமாறியது. பக்கத்து மாமண்டூர் ஏரி பல்லவர் காலத்தது. அதன் ஆயக்கட்டை நம்பியிருந்த வட்டாரத்தில் இப்போது செய்யாறு சிப்காட் இருக்கிறது. காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டிகள் காலையில் கிராமம் கிராமமாக வருகின்றன. கங்கைகொண்டானிலும் சிப்காட், டயரும் சூரியமின் தகடும் அங்கே செய்கிறார்கள். நூறாண்டுக்கு முன் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிய சீமைக்குத் தொழிற்சாலையே வந்து சேர்ந்ததாகச் சொல்லலாம். வந்த ஆலையில் நிலம் கொடுத்த ஊர்க்காரருக்கு எந்த வேலை கிடைத்தது என்று கேட்டால் பேச்சு காவலாளியிலும் தோட்ட வேலையிலும் துப்புரவிலும்தான் போய் நிற்கும்.

மறுபடியும் இருவேல்பட்டு, 2008. ஹாரிஸும் உடன் எழுதியவர்களும் விவசாயத்துக்குப் பிந்தைய கிராமம் என்ற பொருளில் இந்த ஊரை விவரிக்கிறார்கள். வயல் இருக்கிறது, பயிர் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான வீடுகளின் சோறு ஊர் வயலிலிருந்து வரவில்லை. படியாள் முறை போய்விட்டது. ரெட்டியார் குடும்பத்தின் பழைய அதிகாரமும் தேய்ந்துவிட்டது. புரட்சியும் இல்லை, நிலப் பங்கீடும் இல்லை. ஆண்கள் கட்டட வேலைக்கும் லாரிக்கும் சென்னைக்கும் போனார்கள். மனை சொந்தமானது. ரேஷன் அரிசி இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அது கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் முதற்கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒருவரைப் பணக்காரராக்காது. ஆனால் எல்லாம் சேர்ந்து, பண்ணை ஆள் வந்து கூப்பிடும்போது இன்றைக்கு வரமுடியாது என்று சொல்லும் வசதியைக் கொடுத்தன. நூறாண்டு ஆய்வில் இதைவிடப் பெரிய மாற்றத்தை நான் காணவில்லை.

நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் கொதிப்பார்கள். நூறு நாள் வேலை வந்து ஆளையே கெடுத்துவிட்டது, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுக் கூலி வாங்குகிறார்கள் என்பது எல்லா டீக்கடையிலும் கேட்கும் பேச்சு. நடவுக்கு ஆள் கிடைக்காத சிறு விவசாயியின் தவிப்பு பொய்யல்ல. இரண்டு ஏக்கர்க்காரருக்கு விளைபொருள் விலை கூலியின் வேகத்தில் ஏறவில்லை, பாரம் அவர் தலையில்தான் விழுகிறது. ஆனால் ஆள் எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்த காலம் எப்படிக் கிடைத்தது என்பதை 1916-இன் நூலே சொல்கிறது. சுலபமாகக் கிடைத்த ஆளுக்குப் பின்னால் தீராத முன்பணமும் பறிபோகக்கூடிய குடிசையும் இருந்தன.

இந்தத் தமிழ்நாட்டுப் பாதை தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு உத்தரப் பிரதேசத்துப் பாலன்பூர் சாட்சி. மொராதாபாத் மாவட்டத்தில் ரயில்பாதை ஓரமாக இருக்கும் சிற்றூர் அது. 1957-58 தொடங்கி ஒவ்வொரு பத்தாண்டிலும் ஆராயப்பட்டது. 1970-களில் கிறிஸ்டோபர் பிளிஸும் நிக்கலஸ் ஸ்டெர்னும், 1983-84-இல் ஊரிலேயே தங்கி ஜான் திரேஸும் நரேஷ் சர்மாவும், பிறகு பீட்டர் லான்ஜோவும் ஹிமான்ஷுவும் என்று தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1957-58-இல் 528 பேர், 1983-84-இல் 960, 2008-09-இல் 1,255. ஐம்பது ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல். அங்கேயும் ஏக்கர்க் கணக்கு பொய்த்தது. முதலில் பாசனமும் கோதுமையும் காப்பாற்றின, பிறகு மொராதாபாத் பித்தளைப் பட்டறை, சந்தௌசி ஆலைகள், செங்கல் சூளை, ரயில்வே. நிலத்தை நம்பி உயர்ந்த முராவ் சாதியினர் ஒரு கட்டத்தில் முன்னே வந்தார்கள். வெளிவேலையில் நுழைந்த தாக்கூர்கள் பின்னர் முந்தினார்கள். அடித்தட்டு ஜாதவ்கள் வெகுகாலம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு அண்மையில்தான் நகரத் தொடங்கியிருக்கிறார்கள். வேறுபாடு எங்கே என்றால் பள்ளிக்கூடத்தில். பாலன்பூரில் பள்ளி இருந்தது, 1980-களில் பாடம் நடக்கவில்லை. பெண்களின் எழுத்தறிவு அன்று நூற்றுக்குப் பத்தைக்கூட எட்டவில்லை. பொது வசதி செத்துக்கிடந்த ஊரில் பிறப்பும் மெதுவாகவே குறைந்தது, பெண்களின் வெளிவேலையும் வரவில்லை. வயலை விட்டு வெளியேறுவது இரண்டு ஊருக்கும் பொது. வெளியேறும்போது யார் கையில் என்ன இருந்தது என்பதில்தான் பிரிகிறார்கள்.

நம் பக்கம் எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டில் சொந்தமாகப் பயிர்செய்வோர் சுமார் 51 லட்சத்திலிருந்து 42 லட்சத்துக்கு இறங்கினார்கள். விவசாயக் கூலிகளோ 86 லட்சத்திலிருந்து 96 லட்சத்துக்கு ஏறினார்கள். வயலை விட்டவர்களில் ஒரு பகுதி நகரத்துக்குப் போகவில்லை, பக்கத்து வயலுக்குக் கூலிக்குப் போனது. ஆண்கள் சித்தாளாகவும் கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் வெளியே போகப்போகக் களையெடுப்பும் மாடும் ஆடும் பெண்கள் தலையில் நின்றன. பழைய முன்பணத்தின் இடத்தில் குழுக்கடன் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாராவாரம் கூட்டத்தில் தவணை கட்டவேண்டிய பெண், பண்ணையாருக்கு அஞ்சாமல் இருக்கலாம்; வசூலுக்கு வரும் பையனைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போகிறார். முதல் இரண்டு ஆய்வுகளிலும் பெண்ணின் உழைப்பு குடும்பக் கணக்குக்குள் கரைந்துபோயிருந்தது. இன்று கிராம விவசாயத்தை நடத்துபவரே அவர் என்னும்போது அந்த இடைவெளி பெரிதாகத் தெரிகிறது.

நிலத்துக்கே புது அர்த்தம் வந்துவிட்டது. 1970-71-இல் தமிழ்நாட்டின் சராசரி உடைமை 1.45 ஹெக்டேர்; 2015-16-இல் 0.75. ஹரால்ட் மானின் கோடு அப்படியே தொடர்கிறது. ஆனால் நிலத்தின் விலையை விளைச்சலோடு பொருத்திப் பார்த்தால் ஒட்டாது. நெடுஞ்சாலையோரத்தில் ஒரு ஏக்கரின் விலைக்கு அந்த நிலத்தில் எத்தனை தலைமுறை நெல் போட்டாலும் ஈடாகாது. ஆகவே விற்கவும் மாட்டார்கள், உழவும் மாட்டார்கள். சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கும். பிள்ளை வெளிநாட்டுக்கோ பொறியியல் கல்லூரிக்கோ போகும்போது பத்திரம் வங்கிக்குப் போகும். மானியக் கணக்கில் நிலத்துக்காரர் விவசாயி. நடைமுறையில் அந்த நிலம் ஒரு வைப்புத்தொகை.

ஊர் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் மாறிவிட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை வெள்ளம் புகுந்தபோது இருவேல்பட்டு மக்கள் திருச்சி நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். பார்வையிட வந்த அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது. தொலைக்காட்சிகள் இரண்டு நாள் அதையே காட்டின. இது சிலேட்டரின் ஊர் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வீசியது சரியா தவறா என்பது வேறு விஷயம். ஒரு காலத்தில் வெள்ளமோ பஞ்சமோ வந்தால் பெரிய வீட்டுக் களஞ்சியத்தைப் பார்த்துக் கைகட்டி நின்றிருக்க வேண்டிய ஊர், இப்போது அரசாங்கத்தை நேருக்கு நேர் கேட்கிறது. ஏக்கரும் தலைக்கணக்கும் இந்த மாற்றத்தைக் காட்டாது.

இனி எண்ணுவதுதான் சிரமம். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்க இருக்கிறது. அதுவரை கையில் இருப்பது 2011-இன் எண்கள்தான். அதில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். கிராமத் தெருக்களில் இன்று நடந்து பார்த்தால் அந்த எண் பழையது என்று உடனே தெரியும். ஒரகடம் கம்பெனி விடுதியில் ஆறு நாளும் ஊரில் ஒரு நாளும் இருக்கும் இளைஞரை எங்கே எழுதுவது? வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் மாடிவீடு கட்டி, அதைப் பூட்டி வைத்திருப்பவரை? ஊரின் வருவாய் எல்லைக்குள் இருப்பவற்றை மட்டும் கணக்கெடுக்கும் முறை, படியாள் பண்ணையைத் தாண்டாத காலத்துக்குச் சரி. வருமானம் ஐந்து மாவட்டங்களிலிருந்து வரும் ஒரே வீட்டுக்கு அது போதாது. அடுத்த மறு ஆய்வுக்குப் போகிறவர்கள் வினாப்பட்டியலை வயலில் தொடங்காமல், கைபேசிக்குப் பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால் நல்லது. கூடவே ஒன்று: அண்மை ஆண்டுகளில் காவிரிப் படுகையிலும் அதற்கு வெளியிலும் நாற்று நட மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, மோட்டார் கொட்டகையில் தங்கி, நட்டு முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். எந்த வீட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. அவர்களுடைய ஊரில் யார் நாற்று நடுகிறார்கள் என்பதையும் யாராவது போய்க் கேட்டுவர வேண்டும்.